திகட்டுவது பாட்டா, ஆளா? உச்ச நட்சத்திரங்கள் மீது எரிச்சல் திரளும் விதம்

கோடிக்கணக்கானோர் கொண்டாடும் ஒரு பாப் பாடகர், பெரிய தவறு எதுவும் செய்யாதபோதே, ஒரு கட்டத்தில் ஏன் பொதுவெளியில் எரிச்சலுக்கும் கேலிக்கும் ஆளாகிறார் என்பது கேள்வி. "எங்கே பார்த்தாலும் அவரே, அதனால் சலித்துவிட்டது" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி சரி. யாருக்குச் சலித்தது, எது சலித்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் மீதிப் பாதி பிடிபடும்.

எண்ணிக்கை மட்டுமே காரணம் என்றால் முதலில் வெறுக்க வேண்டியவர் தீவிர ரசிகர். புதுப் பாடலை ஒரே வாரத்தில் நூறு தடவை கேட்பவர் அவர்தானே! ஆனால் அவர் வெறுப்பதில்லை. அந்தப் பாட்டு அவருக்கும் அலுக்கத்தான் செய்யும். அலுத்ததும் அதே பாடகரின் வேறொரு பாட்டுக்குப் போய்விடுவார். பல ஆல்பங்கள் அவர் கையில் இருக்கின்றன. எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. வெளியாளின் நிலை வேறு. அவருக்குத் தெரிந்தது அந்தப் பாடகரின் மூன்று பாட்டும் ஒரு முகமும்தான். கடையில், பயணத்தில், விளையாட்டு ஒளிபரப்பின் இடைவேளையில், யாரோ அனுப்பும் ரீல்ஸில் அதே மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. நிறுத்தும் பொத்தான் அவரிடம் இல்லை. ரசிகருக்குப் பாட்டு சலிக்கிறது. வெளியாளுக்கு ஆளே சலித்துப்போகிறார். எதிர்ப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் கிளம்புகிறது.

இதன் உளவியல் அடிப்படை நன்கு ஆராயப்பட்டது. 1968-இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தமற்ற சொற்களையும் அறிமுகமில்லாத முகங்களையும் சிலவற்றை ஒரு முறை, சிலவற்றை 2, 5, 10, 25 முறை என்று மக்களிடம் காட்டினார். அதிகமாகப் பார்த்ததையே அவர்கள் அதிகமாக விரும்பினார்கள். பழக்கமே பிரியமாகிறது. இசைத்துறை விளம்பரமெல்லாம் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. ஆனால் 1970-இல் டேனியல் பெர்லைன் அதன் மறுபக்கத்தைக் காட்டினார். விருப்பம் ஏறி, ஒரு உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கும். எளிமையான விஷயம் என்றால் சீக்கிரமே இறங்கும். ஒரே தடவையில் மனதில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று திட்டமிட்டு எளிமையாக்கப்பட்ட ஹூக் (பாட்டில் சட்டென்று பிடித்துக்கொள்ளும் முக்கிய வரி), அதே காரணத்தால் முதலில் திகட்டுவதும் இதனால்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. ஷெல்லன்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட இசை ஆய்வில், கவனித்துக் கேட்டவர்களிடம் விருப்பம் ஏறி இறங்கியது. வேறு வேலை பார்த்துக்கொண்டே காதில் வாங்கியவர்களிடம் ஏறிக்கொண்டே போனது. அப்படியானால் பின்னணியில் ஒலிக்கும் பாட்டு தன்னளவில் குற்றவாளி இல்லை. "மறுபடியும் இவரா?" என்று மனம் தலைதூக்கிப் பார்க்கும் கணம்தான் திருப்புமுனை. அதுவரை சும்மா காதில் விழுந்த ஒலி, அந்தக் கணத்திலிருந்து எண்ணிக் கணக்கு வைக்கப்படும் தொந்தரவாகிறது. அதன் பிறகு பாடகர் பத்தில் ஒரு முறை தென்பட்டால்கூட பத்து முறையும் அவரே வந்தது போலத் தோன்றும்.

பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2023 செப்டம்பரிலிருந்து, தன் காதலர் டிராவிஸ் கெல்சி ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு வரத் தொடங்கியபோது நடந்தது இதற்குச் சரியான சான்று. "ஆட்டத்தைக் காட்டாமல் இவரையே காட்டுகிறார்கள்" என்று பெரும் கூச்சல். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஒளிபரப்பில் அவர் திரையில் வந்த நேரமோ பெரும்பாலான ஆட்டங்களில் அரை நிமிடத்துக்கும் குறைவு. கோபப்பட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உணர்ந்த அளவு அதுதான். தன் விருப்பத்துக்காக ஒதுக்கிய இடத்தில், தான் கேட்காத ஒருவர் வந்து நின்றால், அந்த அரை நிமிடம் நீண்டு தெரியும். 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் அரங்கத் திரையில் அவர் முகம் வந்ததும் ஒரு பகுதிக் கூட்டம் கூச்சலிட்டது. அவருடைய ஈராஸ் டூர் 149 நிகழ்ச்சிகளில் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்து முடிந்து இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. வசூலும் வசையும் ஒரே காலத்தில் உச்சியில் இருக்க முடியும். இரண்டும் வெவ்வேறு கூட்டங்களிடமிருந்து வருபவை.

"கேட்காமல் வந்து நிற்பது" என்பதன் உச்ச உதாரணம் 2014 செப்டம்பர் 9. யூ2 குழுவின் புது ஆல்பத்தை ஆப்பிள் நிறுவனம் சுமார் 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் இலவசமாகச் சேர்த்துவிட்டது. காசு கேட்கவில்லை, கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனாலும் ஒரு வாரத்துக்குள் அந்த ஆல்பத்தை நீக்க ஆப்பிள் தனிப் பக்கமே திறக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் பாடகர் போனோ வருத்தம் தெரிவித்தார். ஜாக் பிரெம் 1966-இல் விளக்கிய மனநிலை இது: தேர்வு செய்யும் உரிமை பறிபோனதாக உணர்ந்தால், கொடுக்கப்பட்டது நல்லதாகவே இருந்தாலும் மனம் அதைத் தள்ளும். அதே ஆல்பத்தை "வேண்டுவோர் இங்கே சொடுக்கவும்" என்று வைத்திருந்தால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது.

சரி, வெளியாட்கள் ஏன் வரம்பில்லாமல் பெருகுகிறார்கள்? புகழ் என்பதே பொருத்தமில்லாதவர்களையும் உள்ளே இழுக்கும் இயந்திரம். இதைத் துல்லியமாகக் காட்டிய ஆய்வு இசையைப் பற்றியதல்ல, புத்தகங்களைப் பற்றியது. கோவாச், ஷார்க்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர் மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய பரிசு வென்ற புத்தகங்களுக்கும், இறுதிப் பட்டியல் வரை வந்து பரிசு கிடைக்காத புத்தகங்களுக்கும் பரிசுக்கு முன்னும் பின்னும் கிடைத்த மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். பரிசு அறிவித்த பிறகு, வென்ற புத்தகங்களின் மதிப்பெண்தான் அதிகம் சரிந்தது. புத்தகம் மாறவில்லை, வாசகர் மாறிவிட்டார்கள். அந்த வகை எழுத்தைத் தாமாகத் தேடிப் படிக்காதவர்கள், பரிசுச் செய்தியால் இழுக்கப்பட்டு வந்து ஏமாந்தார்கள். பாப் இசையிலும் இதே கணக்குத்தான். ஒரு லட்சம் பேர் கேட்கும்போது அந்த ஒரு லட்சமும் தேடி வந்தவர்கள். பத்துக் கோடி பேரை எட்டும்போது அதில் பெரும்பகுதி தேடி வராதவர்கள். "முன்பு எல்லோருக்கும் பிடித்தது, இப்போது பிடிக்கவில்லை" என்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, கேட்பவர் கூட்டத்தின் கலவை மாறியதன் விளைவு.

ஏறும் வேகத்துக்கும் பங்கு உண்டு. பெர்கர், லெ மென்ஸ் என்ற இருவர் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களை நூறாண்டு அளவுக்கு ஆராய்ந்து 2009-இல் எழுதினார்கள். வேகமாகப் பரவிய பெயர்கள் வேகமாகவே கைவிடப்பட்டன. பெற்றோர் அந்தப் பெயர்களை "கொஞ்ச நாள் மோகம்" என்று நினைத்து ஒதுங்கினார்கள். பத்து வருடம் படிப்படியாக ஏறிய பாடகருக்கு ஒரு கோடைக்காலத்தில் வெடித்த பாடகரை விட மறதியும் வெறுப்பும் தாமதமாக வருவது இதோடு பொருந்துகிறது.

இனி, இந்தப் பெருக்கத்தை யார் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பாடகர் இல்லை. வானொலியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் முன்னணி ஹிட் நிலையங்களில் உச்சப் பாடல் ஒன்று வாரத்துக்கு 100 தடவைக்கு மேல் ஒலிபரப்பாவது சாதாரணம். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு தடவை. நிலையத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது: சராசரி நேயர் கொஞ்ச நேரம்தான் கேட்பார், அந்த நேரத்துக்குள் ஹிட் பாட்டு வந்துவிட வேண்டும். ஆனால் வேலையிடத்தில் எட்டு மணி நேரம் வானொலி ஓடும் சூழலில் இருப்பவருக்கு அது நாளுக்கு ஐந்து தடவை. 1996-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் நாடளவிலான நிலைய உடைமை உச்சவரம்பை நீக்கியபின், சில வருடங்களுக்குள் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் சுமார் 1,200 நிலையங்கள் சேர்ந்தன. அலைவரிசையை மாற்றினாலும் அதே பாட்டு என்ற அனுபவத்துக்கு இந்தக் குவிப்பு ஒரு முக்கியக் காரணம்.

வானொலிக்காரர்கள் திகட்டலை அளந்தும் பார்க்கிறார்கள். பாட்டின் ஹூக்கை 5 முதல் 10 வினாடி வரை நேயர்களுக்குப் போட்டுக் காட்டி, தெரியுமா, பிடிக்குமா, கேட்டு அலுத்துவிட்டதா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு வரும் எண்ணுக்கு அந்தத் துறையில் "பர்ன்" என்று பெயர். பிடித்திருக்கிறது என்பவரே அலுத்துவிட்டது என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கும். பர்ன் ஏறினால் பாட்டின் சுழற்சியைக் குறைப்பார்கள். ஆனால் இந்த அளவீடு பாட்டுக்குப் பாட்டு நடப்பது. பாடகரின் பர்னை யாரும் அப்படி வாராவாரம் அளப்பதில்லை. ஒவ்வொரு பாட்டும் பரிசோதனையில் தேறிவிடும். ஆள் மட்டும் தோற்றுக்கொண்டிருப்பார். இந்தத் துறையின் பெரிய குருட்டுப்புள்ளி இதுதான்.

ஸ்ட்ரீமிங் வந்தபின் கதை இன்னும் இறுகியது. முன்பு ஆல்பத்திலிருந்து ஒவ்வொரு சிங்கிளாக (தனியாக வெளியிடும் பாட்டாக) மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வெளியிட்டார்கள். இப்போது ஆல்பம் வந்த நிமிடமே எல்லாப் பாட்டும் ஹிட் பட்டியலில் ஏறலாம். 2017 மார்ச்சில் எட் ஷீரனின் ஆல்பத்தில் இருந்த 16 பாடல்களும் ஒரே வாரத்தில் பிரிட்டனின் முதல் 20 இடங்களுக்குள் வந்தன. மற்றவர்களுக்கு மிஞ்சியவை நான்கே இடங்கள். அந்த ஜூலையில் பட்டியல் நிறுவனம் விதியையே மாற்றி, ஒரு பாடகருக்கு அதிகபட்சம் மூன்று பாடல்கள் என்று வரம்பு போட்டது. ஒருவர் எல்லோருடைய இடத்தையும் அடைத்துக்கொள்கிறார் என்ற உணர்வு சக இசைக்கலைஞர்களின் ரசிகர்களிடம் பரவும்போது எதிர்ப்பு கூர்மையாகிறது. ஒரே ஆல்பத்துக்கு அட்டை மாற்றி, நிறம் மாற்றி, ஒரு பாட்டு கூட்டிப் பல பதிப்புகள் விடுவதும் இந்த வகைதான். முதல் வார எண்ணை அது உயர்த்தும். ஆனால் "முதலிடத்தைப் பிடித்துவைக்கவே இதெல்லாம்" என்ற சந்தேகத்தையும் சேர்த்தே விற்கும். அதைச் சுமப்பவர் பதிப்புகளைத் திட்டமிட்ட அலுவலர் அல்ல, அட்டையில் முகம் இருப்பவர்.

விளம்பரக்காரர், ஒளிபரப்பாளர், செய்தித் தளம், டிக்கெட் நிறுவனம் என ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சரியான முடிவையே எடுக்கிறார்கள். அந்தப் பெயரைத் தலைப்பில் வைத்தால் பார்வை கூடும். மொத்தக் கூட்டுத்தொகை எவ்வளவு என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை.

இத்தனையும் சேர்ந்தாலும் அது பெரும்பாலும் முணுமுணுப்பாகவே கிடக்கும். வெடிக்க ஒரு சம்பவம் தேவை. ஏனென்றால் "எனக்கு அலுத்துவிட்டது" என்பது சபையில் சொல்லத்தக்க காரணமாகத் தோன்றுவதில்லை. அலுத்த மனம் கௌரவமான காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கிறது: ஆணவம், போலித்தனம், பேராசை, ஏதோ ஒன்று. கிடைத்ததும் பற்றிக்கொள்கிறது. 1966 மார்ச்சில் ஜான் லெனன், பீட்டில்ஸ் இப்போது இயேசுவை விடப் பிரபலம் என்ற பொருளில் சொன்னது லண்டன் நாளிதழில் வந்தபோது அங்கே சலசலப்பே இல்லை. சில மாதங்கள் கழித்து ஓர் அமெரிக்க இதழ் அதை மறுபதிப்புச் செய்ததும் ஆகஸ்டில் இசைத்தட்டுகளை எரித்தார்கள். மத உணர்வு உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டரை வருடம் இடைவெளியே இல்லாமல் கண்முன் நின்ற நால்வர் என்பதால்தான் தீ அவ்வளவு வேகமாகப் பரவியது என்பது என் கணிப்பு. அந்த ஆகஸ்ட் 29-இல் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு அவர்கள் டூர் போவதையே நிறுத்தினார்கள். 2016 ஜூலையில் ஸ்விஃப்டுக்கு எதிராகப் பாம்பு எமோஜிகள் குவிந்ததும் இதே மாதிரிதான்: ராப் பாடகர் கான்யே வெஸ்டுடன் அவர் பேசிய ஒரு தொலைபேசி உரையாடலின் துண்டு வெளிவந்தது, அதற்கு முந்தைய இரண்டு வருடம் இடைவிடாமல் கண்முன் இருந்ததால் சேர்ந்த எரிச்சல் முழுக்க அதில் வந்து இறங்கியது.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். யார் மீது வெறுப்பு எளிதில் திரளும் என்பது சமமாக இல்லை. பதின்வயதுப் பெண்கள் கொண்டாடும் பாடகர் என்றால் கேலி செய்ய அனுமதியே தேவையில்லை என்பது போல நடக்கிறது. ஜஸ்டின் பீபரின் 2010 காணொளி ஒன்று பல வருடங்கள் யூடியூபிலேயே அதிகம் டிஸ்லைக் வாங்கியதாக இருந்தது. 1979 ஜூலை 12 இரவு சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு டிஸ்கோ தட்டோடு வந்தால் நுழைவுக்கட்டணம் 98 சென்ட். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அன்றைய இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ அளவுமீறி ஒலித்தது உண்மை. அது கறுப்பின, லத்தீன், தன்பாலீர்ப்பாளர் கிளப்களில் வளர்ந்த இசை என்பதும், எரிக்க வந்த கோபத்தில் அந்த வெறுப்பு கலந்திருந்தது என்பதும் அதே அளவு உண்மை. அலுப்பு ஒரு மூடுதுணியாகவும் பயன்படும்.

அந்த அலையில் அதிகம் அடிபட்டவர்கள் பீ ஜீஸ் என்ற சகோதரர்களின் குழு. தொடர்ந்து ஆறு சிங்கிள்கள் அமெரிக்காவில் முதலிடம். பிறகு வானொலி நிலையங்கள் "பீ ஜீஸ் இல்லாத வார இறுதி" என்று விளம்பரம் செய்யும் நிலை. 1981-இல் வந்த அவர்களுடைய ஆல்பம் படுத்தது. அவர்கள் செய்தது என்னவென்று பார்த்தால் இன்றைக்கும் பயன்படும்: முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பாட்டை மட்டும் முன்னே அனுப்பினார்கள். பார்பரா ஸ்ட்ரைசாண்ட், டியான் வார்விக், கென்னி ராஜர்ஸ், டாலி பார்ட்டன் ஆகியோருக்கு எழுதிய பாடல்கள் பெரும் வெற்றி பெற்றன. அதே கை, அதே மெட்டமைப்பு. மக்களுக்கு அலுத்தது பாட்டு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

நடைமுறையில் ஒரு பாடகரின் அணி என்ன செய்யலாம்? முதலில் சரியானதை அளக்க வேண்டும். மொத்த ஸ்ட்ரீம் எண் ஏமாற்றும். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. விரும்பித் தேடிக் கேட்டதும் தானாக ஓடியதும் அதில் ஒன்றுதான். கலைஞர்களுக்கான பக்கத்தில் கேட்பவர் எங்கிருந்து வந்தார் என்ற பிரிவு இருக்கிறது: தாமே தேடியோ தம் சேகரிப்பிலிருந்தோ கேட்டவர்கள் ஒரு புறம், தளத்தின் பிளேலிஸ்டோ அல்காரிதமோ ஊட்டியதைக் கேட்டவர்கள் மறுபுறம். மொத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே முதல் பிரிவின் பங்கு தொடர்ந்து இறங்கினால், நீங்கள் இப்போது வெளியாட்களுக்குப் பாடிக்கொண்டிருக்கிறீர்கள். அது முதல் எச்சரிக்கை. அடுத்தது கருத்துப்பகுதிகளின் மொழி. பாட்டைத் திட்டுபவர் ஆபத்தில்லை. "இவரை யாராவது கொஞ்ச நாள் காட்டாமல் இருங்களேன்" என்ற தொனி இசைக்குச் சம்பந்தமில்லாத இடங்களில், விளையாட்டுச் செய்தியின் கீழும் விளம்பரத்தின் கீழும், வரத் தொடங்கினால் அதுதான் கவனிக்க வேண்டியது.

பிறகு, வெட்ட வேண்டியவற்றைச் சரியான வரிசையில் வெட்ட வேண்டும். பலரும் பாட்டு வெளியீட்டைத் தள்ளிப்போட்டு, விளம்பர ஒப்பந்தங்களை வைத்துக்கொள்கிறார்கள். தலைகீழான முடிவு அது. ரசிகர் தேடி வருவதை நிறுத்திவிட்டு, வெளியாள் மீது திணிப்பதைத் தொடர்கிறீர்கள். முதலில் போக வேண்டியவை தவிர்க்க முடியாத இடங்களில் வரும் தோற்றங்கள்: பொது விளம்பரங்கள், வேறு நிகழ்ச்சிகளில் விருந்தினர் வருகை, இசை சாராத செய்திகளுக்குத் தரும் பேட்டி. அடுத்தது மறுபதிப்புகளும் கூடுதல் பாட்டுப் பதிப்புகளும். ஆல்பமும் கச்சேரியும் கடைசி. கச்சேரிக்கு வருபவர் டிக்கெட் வாங்கி வருகிறார். அவரிடமிருந்து திகட்டல் பிரச்சினை வராது.

இடைவெளி விட்டால் முழுதாக விட வேண்டும். பாட்டு இல்லை, ஆனால் வாரத்துக்கு நான்கு பதிவு, இரண்டு விளம்பரம் என்ற அரை ஓய்வு எதையும் ஆற்றாது. அடெல் 2011, 2015, 2021 என்று ஆல்பங்களுக்கு இடையே நான்கு, ஆறு வருடம் விட்டார். அந்தக் காலத்தில் முகமும் வெளியே அதிகம் இல்லை. எல்லோராலும் அவ்வளவு காத்திருக்க முடியாது. ஒரு பெரிய டூர் முடிந்தபின் குறைந்தது ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வது நியாயமான அளவு. இதற்கு நேர்மாறான பாதையில் போனவர்கள் ஹூட்டி அண்ட் தி ப்ளோஃபிஷ் என்ற அமெரிக்க ராக் குழுவினர். 1994-இல் வந்த அவர்கள் முதல் ஆல்பம் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் விற்று, வானொலியில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, 1996 ஏப்ரலில் அடுத்தது வந்தது. முதலிடத்தில் நுழைந்தது, மொத்த விற்பனையோ முந்தையதில் ஒரு சிறு பங்குதான்.

எதிர்ப்பு வெடித்த பிறகு செய்யக்கூடாதது, விளக்கம் கொடுப்பது. ஒவ்வொரு விளக்கமும் இன்னொரு தோற்றம். திகட்டலுக்குத் திகட்டலையே மருந்தாகக் கொடுப்பது போல. தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் விளம்பரமும் அப்படித்தான். 2016-க்குப் பிறகு ஸ்விஃப்ட் ஏறக்குறைய ஒரு வருடம் ஒதுங்கியிருந்தார். 2017 ஆகஸ்டில் சமூக வலைதளப் பதிவுகளை அழித்துவிட்டு, அந்த நவம்பரில் பேட்டிகள் ஏறக்குறைய இல்லாமலே ஆல்பத்தை வெளியிட்டார். அமெரிக்காவில் முதல் வாரம் சுமார் 12.2 லட்சம் பிரதிகள். 2014-இல் வந்த முந்தைய ஆல்பத்துக்கு 12.9 லட்சம். உள்வட்டம் கலையவே இல்லை.

ஒரு விதிவிலக்கு. துன்புறுத்தல், மோசடி, இனவெறிப் பேச்சு போன்ற உண்மையான குற்றச்சாட்டு இருக்கும் இடத்தில் இந்த அளவுகோல்களை எடுக்கவே கூடாது. அங்கே "மக்களுக்கு அலுத்துவிட்டது, கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று ஆலோசனை சொல்வது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி.

திரும்பி வரும் நேரத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எட் ஷீரன் 2015 டிசம்பரில் தொலைபேசியையும் சமூக வலைதளத்தையும் விட்டு ஏறக்குறைய ஒரு வருடம் விலகினார்; பசி நன்றாகவே ஏறியிருந்தது. 2017 ஜனவரியில் ஒரே நாளில் இரண்டு சிங்கிள்கள், மார்ச்சில் மேலே சொன்ன அந்த 16 பாடல் வெள்ளம். விற்பனையில் பெரும் சாதனை. ஆனால் ஒரு வருட ஓய்வில் சேர்த்த நல்லெண்ணத்தின் பெரும்பகுதி சில மாதங்களில் செலவாகி, கோடைக்குள் அந்த வெள்ளத்தைத் தொடர்ந்து பட்டியல் விதி மாற்றப்பட்டது. திரும்பும்போது ஒரே ஒரு பாட்டு, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ஆல்பம், அதுவரை பொது விளம்பரம் எதுவும் வேண்டாம், ஆல்பத்துக்கு ஒரே பதிப்பு என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பதிவு நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்க்க வேண்டும்; பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் யாரும் நிறுத்தச் சம்மதிக்க மாட்டார்கள்.